அப்பா பெயரும் ஊர்ப் பெயரும்: நார்வேயிலும் திருத்தணியிலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் நாளில் முதலில் கைக்கு வருவது ஒரு படிவம். முதல் பெயர், நடுப்பெயர், சர்நேம் என்று மூன்று கட்டங்கள். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் கடைசிக் கட்டத்தில் சாகு என்றோ நாயக் என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை, தன் இனிஷியலை விரித்து வீட்டுப் பெயரை எழுதிவிடுவார். கவரைப்பேட்டைத் தமிழ்ப் பையன்தான் பேனாவைப் பிடித்தபடி நிற்பான். "சார், எனக்கு இனிஷியல்தான் இருக்கு. சர்நேம்னா என்ன போடணும்?"

அப்பா பெயரைப் போடு என்பார்கள். போடுவான். அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன போடுவது என்பது இன்னொரு நாள் வரும் கேள்வி.

நமக்குப் பரம்பரைப் பெயர் இல்லை என்பதை ஒரு குறைபோலவே பலர் பேசுகிறார்கள். உலகம் முழுக்க எல்லாருக்கும் இருப்பது நமக்கு மட்டும் இல்லை என்ற எண்ணம். அது சரியல்ல. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய ஸ்காண்டிநேவிய நாடுகளில் சில தலைமுறைகளுக்கு முன்புவரை சாதாரண மக்கள் நம்மைப்போல்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களோடு உறவுள்ள ஐஸ்லாந்தில் இன்றைக்கும் அதுதான் வழக்கம்.

அந்த வழக்கம் எளிமையானது. அப்பா பெயர் ஹான்ஸ் என்றால் டென்மார்க்கிலும் நார்வேயிலும் மகன் ஹான்சென், ஸ்வீடனில் ஹான்சன். அதாவது ஹான்சின் மகன். மகளுக்கு 'மகள்' என்று பொருள் தரும் விகுதி சேரும். பேரனுக்கு ஹான்ஸ் பெயர் ஒட்டாது. அவனுடைய அப்பா பெயர்தான் ஒட்டும். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டாம் பெயர் மாறிக்கொண்டே போகும். நம் இனிஷியல் மாறுவது போலவேதான்.

குழந்தைக்குத் தாத்தா பெயர் வைப்பதிலும் ஒற்றுமை உண்டு. முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது அங்கே பழைய முறை. அதனால் ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி வரும். நம் பக்கம் கந்தசாமி மகன் முருகேசன், முருகேசன் மகன் கந்தசாமி என்று போகும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். டென்மார்க்கின் அரச குடும்பமே அப்படித்தான். 1513 முதல் 1972 வரை கிறிஸ்டியான், ஃபிரெடரிக் என்ற இரண்டே பெயர்கள் மாறி மாறி அரியணை ஏறின. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டியது நான்காம் கிறிஸ்டியான் காலத்தில். 1972இல் மார்கரெத்தே அரசியானார். 2024 ஜனவரியில் அவருடைய மகன் பத்தாம் ஃபிரெடரிக் அரசரானார். அவருக்கு அடுத்து வர இருப்பவர் பெயர் கிறிஸ்டியான்.

இரண்டாம் பெயர் தலைமுறைதோறும் மாறும் வழக்கம் எங்கே நின்றது என்பதைக் காட்ட, நம் குழந்தைகளுக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 'சின்னக் கடற்கன்னி' கதை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியான் ஆண்டர்சென். 1805இல் டென்மார்க்கின் ஓடென்ச நகரில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஆண்டர்ஸ் ஹான்சென், அதாவது ஹான்சின் மகன் ஆண்டர்ஸ். ஆண்டர்சின் மகன், செருப்புத் தைத்துப் பிழைத்த ஹான்ஸ் ஆண்டர்சென். இதுவரை பழைய முறை. அப்படியே தொடர்ந்திருந்தால் எழுத்தாளரின் பெயர் ஹான்சென் என்று முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவரும் ஆண்டர்சென் ஆனார். அப்பாவின் இனிஷியலையே மகனும் வைத்துக்கொண்டது போல. நகரங்களில் இப்படித் தானாக உறையத் தொடங்கியதை 1828இல் டேனிய அரசு எல்லாருக்கும் ஆணையாகவே போட்டது. ஸ்வீடனில் 1901லும் நார்வேயில் 1923லும் பெயர்ச் சட்டங்கள் வந்தன. வரி வசூலிக்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், சொத்து யாருக்கு என்று பார்க்கவும் அரசுக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது.

விளைவு என்ன ஆயிற்று? அந்தத் தலைமுறையில் எந்த அப்பா பெயர் இருந்ததோ அது அப்படியே நின்றுவிட்டது. டென்மார்க்கில் எங்கு திரும்பினாலும் நீல்சென், யென்சென், ஹான்சென். 1993இலிருந்து 2011வரை அடுத்தடுத்து மூன்று பிரதமர்கள் ராஸ்முசென். மூவருக்கும் உறவு கிடையாது. அடையாளம் தெரிவதற்காக மக்கள் அவர்களை நடுப்பெயரால் நூரப், ஃபோக், லூக்க என்றே அழைத்தார்கள்.

இத்தனை ஒரே மாதிரிப் பெயர்கள் இருந்தால் எப்படிப் பிரித்து அறிவது என்ற சிக்கலுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டது. ஸ்வீடனில் ராணுவம் ஒரு வழி. ஒரே படைப்பிரிவில் பல ஆண்டர்சன்கள் நின்றால் கட்டளை யாருக்கு என்று தெரியாது. ஆகவே படைவீரனுக்குப் புதிதாக ஒரு சொல்லைக் கொடுத்தார்கள்: ராஸ்க் என்றால் விரைவானவன், மோடிக் என்றால் துணிந்தவன், ஸ்வார்ட் என்றால் வாள். இன்னும் பலர் மரம், மலை, ஓடை என்று இயற்கையிலிருந்து எடுத்துப் பெயர் கட்டிக்கொண்டார்கள். லிண்ட்பெர்க், பெர்க்ஸ்ட்ரோம் எல்லாம் அப்படி வந்தவை. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயசின் குடும்பப் பெயரும் ஒரு மரத்திலிருந்து வந்ததே. அவருடைய அப்பா நில்ஸ், இங்கெமாரின் மகன். பல்கலைக்கழகத்தில் சேரும்போது தங்கள் நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தை வைத்து லின்னேயஸ் என்று சூடிக்கொண்டார். அந்த லின்னேயசிடம் படித்த கோனிக் என்ற மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். நம் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் 'கோனிகி' என்று இருப்பது அவர் நினைவாகத்தான்.

நமக்கு மிக நெருக்கமானது நார்வேயின் வழி. அங்கே பண்ணையின் பெயர் மனிதனோடு ஒட்டிக்கொண்டது. ஓலெ ஹான்சென் பாக்க என்றால் ஓலெ, ஹான்சின் மகன், பாக்க என்ற பண்ணையில் இருப்பவர். சொந்தப் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்ற வரிசை. இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. மருதூர் கோபாலன் ராமச்சந்திரன். ஊர் அல்லது வீடு, அப்பா, தான். சி.என். என்றும் எம்.ஜி. என்றும் நாம் சுருக்கிப் போட்ட எழுத்துகளுக்குள் நார்வேக்காரன் எழுதிய அதே மூன்று செய்திகள்தான் இருக்கின்றன. 1923 சட்டம் வந்தபோது பல நார்வேக் குடும்பங்கள் அப்பா பெயரை விட்டுப் பண்ணைப் பெயரை வைத்துக்கொண்டன. ஹாவ்கென், டால், பெர்க், பாக்க எல்லாம் அப்படி நின்ற நிலத்தின் பெயர்கள்.

திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு நேர் உதாரணம் உண்டு. 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்தில் ஓர் ஊர். முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். அப்பா சர்வபள்ளி வீராசாமி, வரலாற்றாசிரியரான மகன் சர்வபள்ளி கோபால். குடும்பம் ஊரை விட்டு வந்த பின்னும் ஊர்ப் பெயர் தலைமுறை தாண்டிக் கூடவே வந்தது. தமிழ் முறைப்படி எழுதியிருந்தால் வீ. ராதாகிருஷ்ணன், ரா. கோபால் என்று ஆகியிருக்கும். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதியில் இந்த இரண்டு முறைகளும் ஒரே தெருவில் இருக்கின்றன. தமிழ் வீட்டில் இனிஷியல் அப்பாவோடு மாறும். தெலுங்கு வீட்டில் 'இண்டிப்பேரு' எனும் வீட்டுப் பெயர் மாறாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒற்றை எழுத்துதான்.

சதுரங்கத்தில் பாருங்கள். சென்னைப் பிள்ளைகள் இருவர்: ஆர். பிரக்ஞானந்தா, டி. குகேஷ். முதலாமவரின் ஆர், அப்பா ரமேஷ்பாபு. இரண்டாமவரின் டி, தொம்மராஜு என்ற குடும்பப் பெயர். அவருடைய அப்பா பெயர் ரஜினிகாந்த். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் 2024இல் பிரக்ஞானந்தாவும் 2025இல் குகேஷும் மாக்னுஸ் கார்ல்சனைத் தோற்கடித்தார்கள். கார்ல்சன் என்றால் கார்லின் மகன், ஆனால் அவருடைய அப்பா ஹென்ரிக். கார்ல் எந்தத் தலைமுறைக்காரரோ. அவர் பெயரின் நடுவில் ஓயென் என்றும் ஒன்று உண்டு. அது அம்மாவின் குடும்பப் பெயர். அதே கார்ல்சன் 2013 நவம்பரில் சென்னையில் உலகப் பட்டத்துக்காக ஆடியது விஸ்வநாதன் ஆனந்தோடு. வெளிநாட்டார் 'விஷி' என்று செல்லமாக அழைத்தது ஆனந்தின் அப்பா பெயரைச் சுருக்கித்தான்.

ஐஸ்லாந்தில் இந்தக் குழப்பம் வராது. அங்கே எல்லாரும் எல்லாரையும் சொந்தப் பெயரால் அழைப்பார்கள், குடியரசுத் தலைவரையும்கூட. தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில் அச்சானது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர், 1980இல் பதவி ஏற்ற விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர். ஃபின்பொகியின் மகள் விக்டிஸ் என்று பொருள். திருமணமானாலும் ஐஸ்லாந்துப் பெண் பெயரை மாற்றுவதில்லை. கணவன் யாராக இருந்தாலும் அவள் தன் அப்பாவின் மகள்தானே! சிலர் அம்மா பெயரையும் சேர்க்கிறார்கள். கால்பந்து வீரர் ஹெய்டர் ஹெல்குசோன், ஹெல்கா என்ற தாயின் மகன். அப்பா, அம்மா, மகன், மகள் நால்வருக்கும் நான்கு இரண்டாம் பெயர்கள் இருந்தும் அந்த நாடு நன்றாகவே நடக்கிறது.

சொந்தப் பெயர்கள் பலவற்றுக்கு ஸ்காண்டிநேவியாவிலும் தெய்வமும் புனிதரும்தான் ஆதி. இடிக் கடவுள் தோரின் பெயரிலிருந்து தூர்ஸ்டென், தோர்பியோர்ன்; 1030இல் போரில் இறந்து புனிதராகப் போற்றப்பட்ட அரசர் ஓலாவின் பெயரிலிருந்து ஓலெ, அதன் வழியே ஓல்சென். நம் மாவட்டத்தில் தணிகாசலமும் தணிகைவேலும் திருத்தணியிலிருந்து, வீரராகவனும் கனகவல்லியும் திருவள்ளூர்க் கோயிலிலிருந்து, பவானி பெரியபாளையத்திலிருந்து வந்தது போல. இப்போது அங்கே நோவா, எம்மா, நோரா என்று எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் சின்னப் பெயர்கள்; நம் வீடுகளிலும் தணிகாசலம் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நமக்கு ஏன் சர்நேம் இல்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. பல மாநிலங்களில் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது சாதிப் பெயர். தமிழ்நாட்டிலும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. திருவள்ளூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. மெல்ல மெல்ல மக்கள் பட்டத்தை விட்டார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் நின்றது. ஒரு பெயரைக் கேட்டவுடன் சாதி தெரியாமல் இருப்பது நமக்கு யாரோ போட்ட பிச்சையல்ல, போராடிப் பெற்றது. படிவத்தில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று விட்டதைத் திரும்ப எடுத்து எழுத வேண்டியதில்லை.

வெளிநாடு போன தமிழர்களிடம் ஸ்காண்டிநேவியாவில் நடந்தது இப்போது நம் கண்முன்னே நடக்கிறது. 1956இல் நார்வே போய்ச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரத்தின் பின்னால் இலங்கைத் தமிழர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கு ஐரோப்பாவில் உறவுகள் இருப்பது புதிதல்ல. அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகி, பேரப்பிள்ளைக்கும் தொடர்கிறது. ஓஸ்லோவின் துணை மேயராக இருந்து 2021இல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வான கம்ஷாஜினி குணரத்தினத்தின் பெயரில் ஒரு தமிழ் ஆண்பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. ஹான்சென் நின்றதும் இப்படித்தான்.

இனி நடைமுறை. இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக ஏற்கமாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். பெயர் ஒரே கட்டத்தில் இருந்தால் அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு. என்று அச்சிட்டுவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது தமிழர்கள் பலர் கலங்கிப் போனார்கள். ஆகவே சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஒரு ஆங்கில எழுத்து மாறினாலும் பி.எஃப். பணம் எடுக்கும்போது திருத்தம் கேட்பார்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. திருமணமானதும் இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருப்பதால் அலைகிறவர்கள் ஏராளம். விக்டிசைப் போல அப்பா பெயரோடே இருந்துவிடுவது சுலபம்.

குழந்தை பிறந்த வீட்டில் இதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறப்பைப் பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். முதல் சான்றிதழில் எப்படி எழுதுகிறீர்களோ, பள்ளியிலிருந்து பாஸ்போர்ட் வரை அதுதான் போகும்.