மூன்று தலைமுறை உழவர்: அயோவா வாலஸ் குடும்பத்தின் வரலாறு

உழவனுடைய இலாப நட்டம் வயலிலேயே முடிவதன்று. அது விதையில் தொடங்கிச் சந்தையில் முடிகிறது. இவ்வுண்மையைத் தம் அனுபவத்தால் அறிந்த குடும்பம் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியில் மக்காச்சோளம் செழித்து விளையும் அயோவா மாநிலத்தில் வாழ்ந்தது. பாட்டனார், தந்தை, மகன் ஆகிய மூவர்க்கும் ஹென்றி வாலஸ் என்பதே பெயர்.

பாட்டனார்

பாட்டனார் 1836-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், பாதிரியாராகப் பணிபுரிந்தவர். உடல்நலம் குன்றியமையால் 1877-இல் அப்பணியை விடுத்து அயோவாவில் உழவை மேற்கொண்டார். 1895-இல் தம் மைந்தர்களுடன் சேர்ந்து வேளாண் இதழ் ஒன்றை நடத்தத் தொடங்கினார். அதுவே பின்னர் 'வாலஸஸ் பார்மர்' எனப் புகழ்பெற்றது. நல்ல உழவு, தெளிந்த சிந்தனை, நேரிய வாழ்வு என்பன அதன் குறிக்கோள்கள். 1916-இல் அவர் காலமானார்.

தந்தை

அவர் மகன் ஹென்றி காண்ட்வெல் வாலஸ் 1921-இல் நாட்டின் வேளாண்மைச் செயலாளரானார். முதல் உலகப் போர்க்காலத்தில் ஏறிய விலை அதற்குள் சரிந்துவிட்டது. ஏறிய விலையை நம்பிக் கடன்பட்டு நிலம் வாங்கியோர் கலங்கினர். விளைபொருள் விற்பனைக்காக உழவர்கள் கூட்டுறவாகச் சேர்வதற்குச் சட்டப் பாதுகாப்பளித்த காப்பர்-வால்ஸ்டெட் சட்டம் அவர் பதவிக் காலத்தில், 1922-இல் நிறைவேறியது. ஆயினும் விலை நிலைபெறுவதைக் காணுமுன்னரே, 1924-இல், பதவியிலிருக்கும்போதே அவர் உயிர் நீத்தார்.

மகன்

மூன்றாமவர் ஹென்றி அகார்ட் வாலஸ் 1888-இல் பண்ணை வீட்டில் பிறந்தார். அடிமையாகப் பிறந்து அறிஞராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அந்நாளில் ஏம்ஸ் நகர்க் கல்லூரியில் இருந்தார். சிறுவனை உடனழைத்துச் சென்று செடி கொடிகளை அறிமுகம் செய்து வைத்தவர் அவரே.

அக்காலத்தில் மக்காச்சோளக் கண்காட்சிகளில், பார்வைக்கு அழகிய கதிருக்கே பரிசளிப்பர். அழகுக்கும் விளைச்சலுக்கும் தொடர்புண்டா என்று இளைஞர் வாலஸ் ஐயுற்றார். 1904-இல் ஒவ்வொரு கதிரின் மணிகளையும் தனித்தனி வரிசையில் விதைத்து, அறுவடையை நிறுத்துப் பார்த்தார். மிக அழகிய கதிரென மதிக்கப்பட்டதன் விளைச்சல் கடைநிலையில் இருந்தது!

இந்த ஆராய்ச்சி ஒட்டு விதைக்கு வழிகாட்டியது. 1926-இல் அவரும் நண்பர்களும் ஒட்டு விதைக் கம்பெனி நிறுவினர். அயோவாவில் 1933-இல் நூற்றுக்கு ஒரு பங்கு நிலத்திற்கும் எட்டாதிருந்த ஒட்டு விதை, பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய முழுவதும் பரவியது. ஆனால் அம்மகசூலிலிருந்து எடுத்து வைத்த மணி, அடுத்த பருவத்தில் அதே பலன் தருவதில்லை. ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்க வேண்டும். களஞ்சியத்திலிருந்த விதை இவ்வாறு கம்பெனியின் கைக்குச் சென்றது. அக்கம்பெனியும் 1999-இல் டூபாண்ட் என்னும் பெருநிறுவனத்தின் வசமாயிற்று.

1933-இல் மகனும் தந்தை வகித்த அதே பதவியை ஏற்றார். விளைபொருள் மலிந்து விலை வீழ்ந்து கிடந்த காலம் அது. விலையை உயர்த்தும் பொருட்டு ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. 60 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இன்றி மக்கள் வாடிய நாளில் இச்செயல் பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. உழவர் மரபில் வந்த ஒருவரே இதற்குப் பொறுப்பேற்க நேர்ந்தது.

பண்டைச் சீனத்தில் நிலவிய அரசுக் களஞ்சிய முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் சேமித்து, குறைந்த ஆண்டில் வெளியிடுவதே அம்முறை. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தழுவி அமைந்தது. சேமித்த தானியத்தின்மேல் உழவர்க்குக் கடனும் கிடைத்தது. பின்னர் 1941 முதல் 1945 வரை துணைக் குடியரசுத் தலைவராயிருந்த அவர், 1965-இல் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வோர்க்கும் உறுப்பினர்க்கும் இவ்வரலாற்றில் பாடமுண்டு. விதையோ நூலோ, தோற்றம் கண்டு வாங்காமல் சோதித்து வாங்குதல் வேண்டும். அறுவடைநாளில் வந்த விலைக்கு விற்காமல், சங்கக் கிடங்கில் வைத்து ஈட்டுக் கடன் பெற்றுக் காத்திருத்தல் வேண்டும். விளைச்சலைப் பெருக்கும் விதை யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தனி உழவன் கேட்டால் எழாத மறுமொழி, சங்கம் கேட்டால் எழும்.