மணல் திட்டுக்கு அப்பால்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் மணிமுத்தாற்றை நடந்து கடந்து பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நடு ஆற்றில் கணுக்கால் அளவு நீரில் மணல் மேடு தட்டுப்படும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அக்கரை வந்துவிட்டதென்று மகிழ்ந்து அடுத்த அடியை எடுத்து வைத்தால், ஆளை விழுங்கும் மடு அங்கே காத்திருக்கக்கூடும். அவ்வாற்று மணலில் நின்றபோது, 1971ஆம் ஆண்டு வங்கக் கடலோரத்தில் நம் கடற்படை மாலுமிகளுக்கு நேர்ந்த சோதனையொன்று நம் நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டுப் போரில் பங்குகொண்ட விக்ராந்த் கப்பலைப் பற்றியும், விசாகப்பட்டினத்தருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கியான காஸியைப் பற்றியும் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரியால், குல்தார் என்னும் இரு கப்பல்களை அறிந்தவர் சிலரே. போலந்து நாட்டில் கட்டப்பட்டு 1966இல் நம் கடற்படையில் சேர்ந்த இவை, துருப்புகளையும் டாங்கிகளையும் துறைமுகமின்றியே கடற்கரையில் இறக்கவல்லவை. கரியால் என்பது நீண்ட மூக்குடைய முதலை. நீரிலும் நிலத்திலும் திரியும் பிராணியின் பெயர் மிகவும் பொருத்தமே. குல்தாரோ சிறுத்தை! சிறுத்தைக்குக் கடலில் என்ன அலுவல் என்பதைப் பெயர் சூட்டியவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

மற்றக் கப்பல்களின் தலைவனுக்குத் தரைதட்டுவது பேரிழுக்கு. அதற்காக விசாரணைக்கும் நிற்க நேரிடும். இத்தகைய கப்பலின் தலைவனுக்கோ அதுவே கடமை. கரையை நேர்நோக்கி ஓட்டிவந்து, முன்பகுதி மணலில் ஏறி நிற்குமாறு செய்யவேண்டும். அதற்கு முன்பே, தக்க தொலைவில் பின்புற நங்கூரத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். திரும்பும் வேளையில் அந்த வடத்தைச் சுருட்டியே கப்பல் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மணலில் நின்றதும் முகப்புக் கதவு திறந்து சாய்தளம் இறங்கும். கரையேறுவதற்கென்று அடிப்பாகம் தட்டையாக அமைந்திருப்பதால், அலை மிகுந்த கடலில் இக்கப்பல் தொட்டிலைப்போல் உருளும். உள்ளே அடைபட்டிருக்கும் வீரர்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. இயந்திர அறையில் பணியாற்றுவோருக்கு வெளியே நடப்பது ஏதும் தெரியாது. அடியில் மணல் உராயும் ஓசைதான் அவர்களுக்குக் கிட்டும் செய்தி.

இத்தனை ஏற்பாடு இருந்தும், முடிவு செய்வது கண்ணுக்குப் புலப்படாத கடலடியே. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 நவம்பரில், பசிபிக் கடலின் தராவா தீவில் எதிர்பார்த்த அளவு நீர் ஏறாமையால் அமெரிக்கப் படகுகள் பவளப் பாறைக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. வீரர்கள் குண்டு மழைக்கிடையே நூற்றுக்கணக்கான கஜம் நீரில் நடந்து சென்று மடிந்தார்கள். பர்மாவின் அரக்கான் கரையில் 1945 ஜனவரியில் மியேபோனில் இறங்கியவர்களுக்குச் சேறே பெரும் பகையாயிற்று.

இனி 1971 டிசம்பருக்கு வருவோம். கிழக்குக் கடற்படைப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். தோல்வியை எதிர்நோக்கிய பாகிஸ்தான் துருப்புகள் காக்ஸ் பஜார் வழியே பர்மாவுக்குத் தப்பிவிடாதபடி, அவ்வழியை அடைத்தாக வேண்டியிருந்தது. மூன்றாம் கூர்க்கா ரைபிள்ஸின் முதற் பட்டாளத்தைச் சேர்ந்தோரும் பிறரும் கல்கத்தாவில் விஸ்வ விஜய் என்னும் வணிகக் கப்பலில் அவசரமாக ஏற்றப்பட்டனர். பின்னர் கடலிலேயே அவர்கள் கரியாலுக்கும் குல்தாருக்கும் மாற்றப்பட்டனர். மலைநாட்டில் பிறந்து வளர்ந்த கூர்க்கர்களுக்குக் கடலில் இறங்கிக் கரையேறும் பயிற்சி இல்லை. அவர்கள் இறங்கவேண்டிய உக்கியாக் கரையை முன்கூட்டி அளந்து பார்க்கவும் அவகாசமில்லை.

கப்பல் கரையை நோக்கி வந்தது, மணலில் தட்டி நின்றது, சாய்தளம் இறங்கிற்று. ஆனால் தட்டியது கரையன்று, கரைக்கு முன்னே நீருக்குள் கிடந்த மணல் திட்டு. அதற்கு அப்பால் ஆழம். முதலில் இறங்கியவர்கள் சுமையோடும் ஆயுதத்தோடும் தலைக்கு மேல் நீரில் அகப்பட்டார்கள். இரு கூர்க்கா வீரர்கள் மூழ்கி இறந்தனர். கரையிலிருந்து ஒரு குண்டும் பாயவில்லை. அங்கே எதிரியே இல்லை.

இறக்குவது உடனே நிறுத்தப்பட்டது. பிறகு அவ்வூரார் நாட்டுப் படகுகளில் வீரர்கள் சிறிது சிறிதாகக் கரை சேர்க்கப்பட்டனர். அவ்வேலை நடந்த நாட்களிலேயே, டிசம்பர் 16 அன்று, டாக்காவில் சரணாகதிப் பத்திரம் கையொப்பமாகிவிட்டது.

மாலுமிகளை இதற்காகக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இட்ட கட்டளைப்படி அவர்கள் கப்பலைத் தரையில் ஏற்றினார்கள். பயிற்சியும் கரை ஆய்வும் இன்றி அவர்களை அனுப்பிய அவசரத்தையே குறை கூறவேண்டும். எனினும், கதவைத் திறந்து வழிவிட்டவன் கண்ணெதிரே, இறங்கியவன் நீருக்குள் மறைவதைக் கண்டால் அவன் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! துப்பாக்கி ஏந்திப் போரிட்டவனுக்குக்கூட இவ்வகைச் சுமை எளிதில் வருவதில்லை.

அவ்விரு கப்பல்களின் பெயர்களையும் பின்னர் வேறு இரு கப்பல்கள் தாங்கின. இரண்டாவது குல்தார் 1985இல் பணியேற்றது. இரண்டாவது கரியால் 1997இல் வந்தது. குல்தாரின் கொடி 2024 ஜனவரி 12 அன்று போர்ட் பிளேரில் கடைசியாக இறக்கப்பட்டது.