ஃப்ரீமாண்டிலில் வாடகை ஏறிய கோடை

1987 ஜனவரியில் பாய்மரப் படகு ரசிகர்களின் பார்வையெல்லாம் ஃப்ரீமாண்டில் மீதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில், ஸ்வான் நதி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் துறைமுக ஊர் அது. 1983-இல் ‘ஆஸ்திரேலியா இரண்டு’ என்ற படகு, அமெரிக்கர்கள் 132 ஆண்டுகள் விட்டுக்கொடுக்காத அமெரிக்கா கோப்பையைத் தட்டிப் பறித்தது. அன்றெல்லாம் ஜெயித்தவர் நாட்டில்தான் அடுத்த போட்டி. அதனால் 1851-க்குப் பிறகு முதல்முறையாக அந்தப் பந்தயம் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது.

இந்தக் கடலுக்கு ஏற்ற போட்டிதான். கோடைக் காலையில் நிலத்திலிருந்து அனல் வீசும். மதியத்துக்கு மேல் திடீரென்று காற்று திசை மாறி, தென்மேற்கிலிருந்து கடற்காற்று பாய்ந்து வரும். வெக்கையைத் தணிப்பதால் ஊர்மக்கள் அதை ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்பார்கள். 20, 25 நாட் வேகத்தில் அது அடிக்கும்போது, 25 டன் எடையுள்ள படகே மூக்கை அலைக்குள் விட்டு எழும். மேல்தளத்தில் நிற்கும் பதினொரு பேரும் தொப்பலாக நனைந்துவிடுவார்கள்.

கோப்பைக்கு முந்தைய ஃப்ரீமாண்டில் வேறு மாதிரி. 1890-களின் தங்க வேட்டைப் பணத்தில் சுண்ணாம்புக் கல் கட்டடங்கள் எழுந்தன. 1897-இல் துறைமுகம் திறந்தது. 1969-இல் கன்டெய்னர் வந்ததும் மூட்டை தூக்கிய கைகளுக்கு வேலை குறைந்தது. 1979-இல் பெர்த் போகும் பயணிகள் ரயிலையே நிறுத்தி, 1983-இல்தான் மறுபடி விட்டார்கள். இடித்துக் கட்ட யாரும் முன்வராததால்தான் பழைய கட்டடங்கள் பல தப்பின. கீழே கடை, மாடியில் இரும்பு வேலைப்பாட்டுத் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை: வயதான மாலுமிகளும் துறைமுகக் கூலிகளும் குடும்பமில்லாத தனி ஆட்களும் அந்த மாதிரி இடங்களில்தான் குறைந்த வாடகைக்குக் காலம் தள்ளினார்கள்.

அந்த அறைகள் என்ன ஆயின என்பதுதான் என் கவலை.

மூன்றே ஆண்டுகளில் ஊருக்கு முகப்பூச்சு நடந்தது. பந்தயப் படகுகளுக்காக ‘சேலஞ்சர் ஹார்பர்’ என்ற புதிய படகுத்துறை கட்டினார்கள். சவுத் டெரஸ் தெருவின் நடைபாதையில் மேசைகள் வந்தன. இன்றும் அதற்கு ‘கப்புச்சினோ ஸ்ட்ரிப்’ என்றுதான் பேர். வெளியூர்க்காரர்கள் தங்க இடம் தேடியபோது வாடகை ஏறியது, மலிவு விடுதிகள் கைமாறின. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆதாயம் பார்த்தார். வாரவாடகைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

இத்தாலிய மீனவர்களைப் பாருங்கள். மோல்ஃபெட்டா, காப்போ டி ஓர்லாண்டோ ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. சிங்கி இறால் பிடிக்கச் சொந்தப் படகு, கட்டச் சொந்தத் துறை இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். 1948-இலிருந்து மாதாவைத் தூக்கி வந்து படகுகளை மந்திரிக்கும் அவர்களுடைய அக்டோபர் திருவிழா கோப்பைக்குப் பிறகும் நிற்கவில்லை. கையில் ஏதாவது சொந்தமாக இருந்தவர் மிஞ்சினார். மாடி அறையில் கட்டில் மட்டும் வைத்திருந்தவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

கோப்பை வந்திராவிட்டால் அந்தக் கட்டடங்கள் இடிந்து விழுந்திருக்கும் என்பவர்களும் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கல்லைக் காப்பாற்றியதும் அதற்குள் குடியிருந்தவரைக் காப்பாற்றியதும் ஒன்றாகிவிடாது.

ஆஸ்திரேலியாவின் ‘கூக்கபுர்ரா மூன்று’ படகு இறுதிப் போட்டியில் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. கோப்பை சான் டியாகோவுக்குப் போனது. படகுத்துறையும் காபிக்கடைகளும் இங்கேயே தங்கின. 1990-களில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் வந்து பழைய கட்டடங்கள் பலவற்றை வகுப்பறைகளாக்கியது.

பிறகு ஆக்லாந்தில் 2000-இல், வாலென்சியாவில் 2007-இல் என்று துறைமுக ஓரங்கள் கோப்பைக்காகப் புதுப்பிக்கப்பட்டன. போட்டி கேட்டு நிற்கும் எந்த நகரமும் காற்று, ஆழம், படகுத்துறை, விடுதி அறைகள் என்று கணக்கு எடுக்காமல் இருக்காது. துறைமுகத்தைச் சுற்றி வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர், போட்டி முடிந்த பிறகும் எத்தனை ஆண்டுக்கு அவர்களைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்பதையும் அதே ஒப்பந்தத்தில், முதல் கல் நடுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.