வனாந்தரப் பகுதிகளில் மலை மிதிவண்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘வில்டர்னஸ்’ என்ற பெயரில் சட்டத்தால் காக்கப்படும் வனாந்தரப் பகுதிகள் உள்ளன. அவற்றுக்குள் நடந்து செல்லலாம், குதிரையில் செல்லலாம், துடுப்புப் படகிலும் செல்லலாம். ஆனால் மிதிவண்டியில் செல்ல முடியாது. இயந்திரப் பொறி இல்லாத, புகை கக்காத, மனிதக் காலால் ஓடும் ஒரு வண்டிக்கு ஏன் இந்தத் தடை என்ற கேள்வி நாற்பது ஆண்டுகளாக அங்கு விவாதிக்கப்பட்டு வருகிறது.

சட்டம் கூறுவது

வனாந்தரச் சட்டம் 1964 செப்டம்பர் 3 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் கையெழுத்துடன் நடைமுறைக்கு வந்தது. இதன் வரைவை எழுதியவர் ஹோவர்ட் சானிசர். சட்டம் நிறைவேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தொடக்கத்தில் 54 பகுதிகளும் ஏறத்தாழ 91 லட்சம் ஏக்கர் நிலமும் இதன்கீழ் வந்தன. இன்று 800க்கும் மேற்பட்ட பகுதிகள் உள்ளன. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 11 கோடி ஏக்கர். அதில் பாதிக்கு மேல் அலாஸ்காவில் உள்ளது.

இப்பகுதிகளில் சாலை போடுதல், மோட்டார் வாகனம் ஓட்டுதல், வானூர்தி இறக்குதல், கட்டடம் எழுப்புதல் ஆகியவற்றைச் சட்டம் தடுக்கிறது. அதே வரிசையில் ‘வேறு எவ்வகை இயந்திரப் போக்குவரத்தும்’ கூடாது என்றும் கூறுகிறது. இன்றைய வழக்கு முழுவதும் இந்தச் சில சொற்களின் பொருளைச் சுற்றியே நடக்கிறது.

தடை வந்த விதம்

சட்டம் எழுதப்பட்டபோது மலை மிதிவண்டி என்ற ஒன்றே இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு டமால்பயஸ் மலைப்பகுதியின் மண்பாதைகளில் இறங்கினார்கள். 1976இல் அங்குத் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கரப் பிரேக்கில் இருந்த கிரீஸ் வெந்து ஆவியாகிவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயர் வந்த காரணம் அதுதான். 1980களில் தொழிற்சாலைகளே இவ்வகை வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கின.

1966இல் அமெரிக்க வனத்துறை வகுத்த விதி, உயிரற்ற ஆற்றலால் இயங்கும் கருவிகளையே இயந்திரப் போக்குவரத்து என்று விளக்கியது. அதன்படி மிதிவண்டி தடைக்குள் வராது என்று வாதிட இடம் இருந்தது. இடையில் சில மாற்றங்கள் நடந்தன. மலை மிதிவண்டிகள் பெருகிவந்த 1984இல் வனத்துறை மிதிவண்டிகளை முற்றிலும் தடுத்தது. அந்தத் தடையே இன்றும் நிலவுகிறது.

ஆதரவாளர்களின் வாதம்

சட்டத்தை இயற்றியவர்கள் மோட்டாரை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள் என்பது மிதிவண்டி ஓட்டுவோரின் முதல் வாதம். படகின் துடுப்புத் தாங்கியும் பனிச்சறுக்குக் கட்டையின் உலோகப் பிணைப்பும் ஒருவகை இயந்திரப் பாகங்கள்தாமே, அவற்றை அனுமதித்துவிட்டு மிதிவண்டியை மட்டும் தடுப்பது பொருந்துமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஆய்வுகளும் ஓரளவு அவர்களுக்குத் துணை நிற்கின்றன. மொண்டானாவின் மலைப்பாதைகளில் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வில், சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் மனிதக் காலடிகளுமே மிகுதியான மண்ணைப் பெயர்த்தன. அவற்றிலும் குதிரையே முன்னிலை. யூட்டாவின் ஆன்ட்டிலோப் தீவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, நடப்பவரைக் கண்டும் ஓட்டுபவரைக் கண்டும் காட்டெருமை, மான் போன்றவை விலகி ஓடுவதில் பெரிய வேறுபாடு இல்லை என்றது.

எதிர்ப்பவர்களின் வாதம்

எதிர்ப்பவர்கள் மண்ணரிப்பை மட்டும் பேசுவதில்லை. தொலைவைப் பற்றிப் பேசுகிறார்கள். நடந்தால் இரண்டு நாள் ஆகும் பள்ளத்தாக்கை மிதிவண்டி ஒரு பகலில் கடந்துவிடும். ஒரே நாளில் ஒருவர் கடக்கும் தூரம் கூடினால், மனித நடமாட்டம் காட்டின் உட்பகுதிவரை எட்டும். காடு அளவில் சுருங்காமலே அனுபவத்தில் சுருங்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். வளைவில் வேகமாக வரும் வண்டியைக் கண்டு குதிரை மிரள்வதும், நடப்பவர் ஒதுங்க நேர்வதும் அடுத்த கவலை. சட்டத்தை ஒருமுறை திறந்தால், பிறர் வேறு நோக்கங்களுக்காகவும் திறப்பார்கள் என்பதும் ஒன்று.

இந்தக் கடைசிக் கவலை ஓட்டுவோரிடையேயும் உண்டு. 2016இல் யூட்டாவின் இரு செனட்டர்களும், 2017இல் கலிபோர்னியாவின் டாம் மெக்கிளின்டாக்கும் தடையைத் தளர்த்த மசோதா கொண்டுவந்தனர். இரண்டுமே நிறைவேறவில்லை. 2017ஆம் ஆண்டு மசோதாவைப் பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கமே ஆதரிக்கவில்லை.

மோதலும் நடுவழியும்

இடகோ மாநிலத்தின் வைட் கிளவுட்ஸ் மலைகள் இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015இல் அங்கு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் நிலம் மூன்று வனாந்தரப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டது. அதுவரை ஓட்டுவோர் விரும்பிச் சென்ற காசில் டிவைடு, ஆன்ட்ஸ் பேசின் பாதைகள் அன்றோடு அவர்களுக்கு மூடப்பட்டன. சுரங்கமும் சாலையும் வராமல் காக்க வேண்டும் என்று விரும்பியவர்களுள் ஓட்டுவோரும் இருந்தனர். காட்டைக் காக்கும் சட்டமே அவர்களை வெளியே நிறுத்தியது.

மொண்டானாவில் 2014இல் வேறு வழி பின்பற்றப்பட்டது. ராக்கி மலை முகப்பில் ஏறத்தாழ 67,000 ஏக்கர் வனாந்தரமாயிற்று. ஏறத்தாழ 2,08,000 ஏக்கர் ‘பாதுகாப்பு மேலாண்மைப் பகுதி’ என்ற வேறு பெயரில் காக்கப்பட்டது. இந்த இரண்டாம் வகை நிலத்தில் மிதிவண்டிக்கு இடம் உண்டு.

ஆகவே, மிதிவண்டி மண்ணைக் கெடுக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் விடை கண்டால் இவ்வழக்கு தீராது. மண்ணரிப்பை அளந்து சொல்லலாம். ஒரு காடு எவ்வளவு தொலைவாக, எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அதை மக்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். எல்லாக் காட்டையும் ஒரே வகையில் அடைக்காமல், சிலவற்றைக் காலடிக்கும் சிலவற்றைச் சக்கரத்துக்கும் ஒதுக்கி, இரண்டையும் சுரங்கத்திடமிருந்தும் சாலையிடமிருந்தும் காப்பதே மொண்டானா காட்டும் பாடம்.