சிமுலேஷன் கற்போம்: விடை தெரிந்த கணக்கே முதல் பாடம்

ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைக் கற்கத் தொடங்குபவருக்கு ஏற்ற முதல் பயிற்சி கான்டிலீவர் பீம். ஒரு முனை சுவரில் இறுகப் பொருத்தப்பட்ட எஃகுச் சட்டம், மறுமுனையில் ஒரு சுமை, அவ்வளவுதான். இதன் விடையைக் காகிதத்திலேயே கண்டுவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. மென்பொருள் சொல்வது சரியா என்று உரசிப் பார்க்க ஓர் உரைகல் கையில் இருக்கிறது.

சட்டத்தின் நீளம் 1000 மி.மீ., குறுக்குவெட்டு 50 × 50 மி.மீ., நுனியில் கீழ்நோக்கி 1000 நியூட்டன் விசை, எஃகின் யங் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், பாடநூல் சூத்திரப்படி நுனி 3.2 மி.மீ. தாழும். சுவரை ஒட்டிய இடத்தில் வளைவுத் தகைவு 48 மெகாபாஸ்கல்; சட்டத்தின் நடுவில் அதில் பாதி, 24. கணினியைத் திறக்கும் முன்பே இந்த மூன்று எண்களும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கைடோ டான்ட், கிளாஸ் விட்டிக் இருவரும் உருவாக்கிய கால்குலிக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஃப்ரீகேட், பிரீபோமேக்ஸ் ஆகியவற்றின் வழியாக அதைத் திரையில் படம் பார்த்தே இயக்கலாம்.

புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம் அலகுகள். கால்குலிக்ஸ், அபாகஸ் போன்ற சால்வர்கள் எண்களை மட்டுமே அறியும். அலகு எதுவென்று கேட்பதில்லை. நீளத்தை மி.மீ.யிலும் விசையை நியூட்டனிலும் கொடுத்தால் தகைவு மெகாபாஸ்கலில் வரும். ஆனால் அடர்த்தியை ஒரு கன மி.மீ.க்கு இத்தனை டன் என்ற கணக்கில் தர வேண்டும். எஃகுக்கு அது 7.85 × 10⁻⁹. பழக்கத்தில் 7850 என்று அடித்துவிட்டால் சட்டத்தின் நிறை லட்சம் கோடி மடங்கு பெருகும். மென்பொருள் அதையும் மறுக்காமல் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

அடுத்தது மெஷ். பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் இந்த வேலையில் துண்டின் வகைதான் விடையைத் தீர்மானிக்கிறது. நான்கு நோடுகள் (கணுப் புள்ளிகள்) கொண்ட டெட்ராஹெட்ரான்கள் வளையத் தெரியாதவை. அவற்றைப் பெரிதாகப் போட்டால் சட்டம் உண்மையைவிட விறைப்பாகத் தெரியும், தாழ்வு 3.2 மி.மீ.யைவிடக் குறைவாகவே வரும். பத்து நோடுகள் உள்ள வகையில் விளிம்புகள் வளையக்கூடியவை என்பதால், அதிகம் சிறிதாக்காமலேயே சரியான விடை கிடைக்கும். எட்டு நோடுகள் கொண்ட செங்கல் வடிவத் துண்டான பிரிக்கில் ஒற்றைப் புள்ளியில் மட்டும் கணக்கிடும் வகையும் உண்டு. உயரத்துக்கு ஒரே அடுக்காக அதைப் போட்டால், அந்தப் புள்ளி வளைவுத் தகைவே இல்லாத நடுத்தளத்தில் விழுகிறது. நாலைந்து அடுக்குகளாவது இருந்தால்தான் அது வளைவை உணரும்.

தீர்வு வந்ததும் வண்ணப்படத்துக்குப் போகும் முன் மூன்று சோதனைகள் அவசியம். முதலாவது, சுவர் தரும் எதிர்விசையின் கூட்டுத்தொகை 1000 நியூட்டன்தானா என்பது. இரண்டாவது, நுனித் தாழ்வும் நடுத் தகைவும் காகித விடையோடு ஒத்துப்போகின்றனவா என்பது. மூன்றாவது, மெஷ் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால் விடை நிலைக்கிறதா என்பது. தாழ்வு சீக்கிரம் நிலைத்துவிடும். சுவரில் பொருத்திய விளிம்பில் மட்டும், மெஷ்ஷை எவ்வளவு சிறிதாக்கினாலும் தகைவு ஏறிக்கொண்டே போகும். அது பொருளின் உண்மை நிலை அல்ல. இம்மியும் அசையாத சுவர் என்ற அனுமானத்தின் விளைவு. நடுப்பகுதித் தகைவை ஒப்பிடச் சொல்வது இதனால்தான்.

இதில் தேறியவர் அடுத்து எடுக்க வேண்டியது துளையிட்ட தகடு. அகலமான தகட்டை ஒரு திசையில் இழுத்தால் வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898இல் கிர்ஷ் நிறுவியிருக்கிறார். துளையைச் சுற்றி மெஷ்ஷை நெருக்கினால் மட்டுமே அந்த மூன்று கைகூடும். எங்கே நெருக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்ற கணிப்பு இந்தப் பயிற்சியில்தான் வளர்கிறது.

இந்தப் பொறுமை வீண் அல்ல என்பதற்கு நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையே சான்று. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் அருகே கடல் நுழைகழியில் அதன் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக நீரில் தாழ்த்தினார்கள். 65 மீட்டர் நீரின் அழுத்தத்தில் ஒரு சுவர் பிளந்து, முழு அமைப்பும் மூழ்கி நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, இழப்பு சுமார் 70 கோடி டாலர். அடித்தளத்தின் அறைகள் சந்திக்கும் மூலையில் மெஷ் சரியாக அமையாததால், சுவரின் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அங்கே இரும்புக் கம்பிகளும் போதிய அளவு நங்கூரமிடப்படவில்லை. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த மறுகணக்கு, சுவர் 62 மீட்டரில் உடையும் என்றது.

பிழை, வடிவமைப்புக் கணக்குக்குப் பயன்படுத்திய நாஸ்ட்ரான் மென்பொருளில் இல்லை. அதற்குக் கொடுத்த மாதிரியில் இருந்தது. எளிய கைக்கணக்கோடு ஒப்பிடும் பழக்கமும், மெஷ்ஷை மாற்றி ஓட்டும் பழக்கமும் இத்தகைய பிழையைப் பிடிப்பதற்கென்றே இருப்பவை. ஒரு பீமில் அவற்றைப் பழகியவரே, விடை தெரியாத சொந்த வடிவமைப்பைக் கையில் எடுக்கத் தகுதி பெறுகிறார்.