உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் முடியின் நிறங்கள்

ஆங்கிலத்தில் சில நிறச் சொற்கள் பெரும்பாலும் தலைமுடிக்கே வழங்குகின்றன.

● பிளாண்ட்: வெளிர்மஞ்சள் முடி. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அம்மொழியின் பால் வேறுபாடு எழுத்தில் இன்றும் நிற்கிறது. பெண்ணைக் குறிக்கும்போது கடைசியில் 'ஈ' என்ற எழுத்து சேரும், ஆணுக்குச் சேராது. உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

● புரூனெட்: பழுப்பு முடியுள்ள பெண். ஆண்களுக்கு இச்சொல் அரிது. 'பிரவுன்' முடி, கண், செருப்பு என எதற்கும் பொருந்தும். பழுப்புச் செருப்பைப் 'புரூனெட்' என்று சொல்வதில்லை.

● ரெட்: செம்முடி பெரும்பாலும் செம்மஞ்சளாகவே இருக்கும். ஆனாலும் பெயர் 'ரெட்'தான். பழம் ஒன்றின் பெயரான 'ஆரஞ்சு' ஆங்கிலத்தில் நிறப்பெயராகவும் ஆனது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே முடிக்கு 'ரெட்' நிலைத்துவிட்டது. பிரிட்டனில் இம்முடியை 'ஜிஞ்சர்', அதாவது இஞ்சி, என்றும் சொல்வார்கள்.

● ஆபர்ன்: செம்பழுப்பு. இதன் லத்தீன் மூலத்துக்கு 'வெண்மை சார்ந்தது' என்று பொருள். 'பிரவுன்' என்ற சொல்லோடு கொண்ட ஒலி ஒற்றுமையால் பொருள் பழுப்பை நோக்கி நகர்ந்ததாகக் கருதப்படுகிறது.

● கிரே: நரை. நடு உயிரெழுத்தாகப் பிரிட்டனில் 'ஈ'யும் அமெரிக்காவில் 'ஏ'யும் எழுதப்படும்.

● ஹேரா, ஹேர்ஸா? தலைமுடி முழுவதையும் சொல்ல ஒருமையான 'ஹேர்' போதும். சட்டையில் ஒட்டிய மூன்று இழைகளை எண்ணிச் சொல்லும்போதுதான் 'ஹேர்ஸ்'.