சிற்றரங்கில் ஒரு ஸ்பானிய நாடகம்

நாடகம் எழுதுவோனாலும் நடிப்போனாலும் மட்டும் முற்றுப்பெறுவதன்று. காண்போரும் ஒருங்கு கூடிய இடத்தே அது நிறைவெய்துகின்றது. ஆதலின், அவ்விடத்தின் அளவு நடிப்பின் இயல்பைப் பெரிதும் வரையறுக்கின்றது. நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். மாதவி ஆடிய அரங்கிற்கு 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் கூறப்படுகின்றன. கோல் என்பது பெருவிரல் 24 கொண்ட அளவாகும். விரல் ஒன்றை ஏறத்தாழ ஓர் அங்குலம் எனக் கொள்ளின், அவ்வரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது. இன்றைய வகுப்பறை ஒன்றினுள் அடங்கத்தக்க அவ்விடத்திற்றான், அரசன் முன்னிலையில், அவளது கலை மதிப்பிடப்பெற்றது.

யாழ்ப்பாணத்து நாடக மரபு வேறொரு வழியில் வளர்ந்தது. வட்டக்களரியைச் சுற்றி ஊரே திரண்டிருக்க, விடிய விடியக் கூத்து ஆடப்பட்டது. கோயில் வீதிகளில் இசை நாடகங்கள் நடைபெற்றன. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக மயான காண்டத்திற் பாடியபோது, கடைக்கோடியில் இருந்தோனும் கண்ணீர் உகுத்தான். அத்தகைய வெளிகளிலே குரல் ஓங்கவேண்டும். கை பெரிதாக வீசப்படவேண்டும். முகத்திற் பூசிய அரிதாரம் தொலைவிலிருந்தும் தெரியவேண்டும். பின்னர், 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கூத்தினைச் செப்பனிட்டுப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அப்பொழுது நடிகன் ஒரு திசை நோக்கி நிற்கப் பழகினான். ஆயினும், அவைக்கும் அவனுக்கும் இடையே இருந்த தொலைவு பெரிதுங் குறையவில்லை.

இந்நிலையிற் பிறிதொரு வகை நடிப்பினை வேண்டிய நாடகங்களும் நம் நாட்டிற்கு வந்தன. 1978இல் க. பாலேந்திரா முதலியோர் தோற்றுவித்த அவைக்காற்று கலைக் கழகம், பிறமொழி நாடகங்கள் சிலவற்றைத் தமிழில் மேடையேற்றியது. அவற்றுள் ஒன்று ‘ஒரு பாலை வீடு’. அது ஸ்பானியக் கவிஞர் பெடரிக்கோ கார்சியா லோர்கா எழுதிய ‘பெர்னார்டா அல்பாவின் வீடு’ என்னும் நாடகத்தின் தமிழ் வடிவமாகும். லோர்கா இந்நாடகத்தை 1936ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எழுதி முடித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், கிரனாடாவிற்கு அணித்தே அவர் கொல்லப்பட்டார். நாடகம் 1945இல் ஆர்ஜென்டீனத் தலைநகராகிய புவெனஸ் அயர்சில் முதன்முதலாக அரங்கேறியது. ஆசிரியர் அதனைக் காணவில்லை.

நாடகத்தின் கதை சுருங்கியது. கணவனை இழந்த பெர்னார்டா, தன் புதல்வியர் ஐவரும் எட்டாண்டு துக்கம் காக்கவேண்டும் என ஆணையிட்டு, வீட்டின் கதவுகளை அடைக்கின்றாள். மூத்தவளுக்கு வயது 39, இளையவளுக்கு 20. மூத்தவள் முதற் கணவனுக்குப் பிறந்தவளாதலின், சொத்து அவளிடமே மிகுதி. அச்சொத்தை நாடி 25 வயது இளைஞன் ஒருவன் அவளை மணம்பேச வருகின்றான். அவன் உள்ளமோ இளையவளிடத்துச் செல்கின்றது. ஈற்றில் இளையவள் தூக்கிட்டு இறக்கின்றாள். மகள் கன்னியாகவே மாண்டாள் என்று ஊருக்குச் சாற்றிவிட்டு, தாய் எல்லோரையும் வாய்மூடச் சொல்கின்றாள். அவள் முதன்முதல் மேடையேறி மொழியும் சொல்லும் அவ்வாணையே. மேடையில் ஆடவர் எவரும் தோன்றுவதில்லை. அவ்விளைஞனும் பேச்சிலே மட்டும் வருகின்றான்.

இந்நாடகம் சிற்றரங்கிற்குப் பெரிதும் ஏற்றது. ஏனெனில், அதன் நிகழ்ச்சிகளிற் பல ஓசையற்றவை. புதல்வியர் கூடியிருந்து தையல் வேலை செய்கின்றனர். ஒருத்தி மற்றொருத்தியைக் கடைக்கண்ணால் நோக்குகின்றாள். புறத்தே குதிரையொன்று சுவரை உதைக்கின்றது. பெருமண்டபத்தில் இவை பாதி வழியில் அழிந்துபோகும். காண்போர் ஆறடி தொலைவில் இருக்கும் இடத்திலோ, ஊசி துணியிற் புகும் கணமும் ஒரு நிகழ்ச்சியாகின்றது.

அத்தகைய அரங்கில் நடிப்போருக்கு நேரும் இடர்ப்பாடுகளும் பல. முதலாவது குரல். வீதியில் ஓங்கிப் பழகிய குரல் சிற்றறையிற் செயற்கையாக ஒலிக்கும். அடக்கினாலோ சொல் தெளிவிழக்கும். குரலைத் தாழ்த்தியும் மெய்யெழுத்துக்களைத் திருத்தமாக ஒலிக்கப் பயிலவேண்டும். இரண்டாவது கண். பெருமேடையில் விளக்கொளிக்கு அப்பால் அவை இருளாகவே தெரியும். சிற்றரங்கிலோ முன்வரிசையில் உள்ளவர் முகம் தெரிகின்றது. அவர் கொட்டாவி விடுவதும் விம்முவதும் தெரிகின்றன. அதனால் உள்ளம் சிதறாதவாறு, தன் முன் நிற்கும் பாத்திரத்தின்மீதே நோக்கினை நிறுத்தல்வேண்டும். மூன்றாவது, தனக்குரிய உரையாடல் இல்லாத வேளை. பெருமேடையில் அவ்வேளை ஓய்வாகலாம். இங்கே பேசாதிருப்பவளையும் அவை நோக்குகின்றது. பெர்னார்டாவின் மகள் ஒருத்தியாக நடிப்பவள், பிறர் பேசும்போதும் கேட்டுக்கொண்டும் மறைத்துக்கொண்டும் இருத்தல்வேண்டும்.

மெய்ப்பாடு என்பதற்குத் தொல்காப்பியர் வகுத்த இலக்கணம் ஈண்டு நினைக்கத்தக்கது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் உள்ளத்தே எழுந்து மெய்யிற் புலப்படுவன. பெருவெளியில் நடிகன் அவற்றை மெய்யில் விரித்துக் காட்டுகின்றான். சிற்றரங்கில் உள்ளத்தில் அவை எழாவிடின், மெய் அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. பொய்யழுகை அங்கே செல்லாது.

யாழ்ப்பாணத்தில் இந்நாடகத்தை நடிப்போருக்கு மற்றுமொரு சுமை உண்டு. கூத்திலும் இசை நாடகத்திலும் நெடுங்காலம் ஆடவரே பெண் வேடம் புனைந்தனர். பெண்கள் மேடையேறுவதை நம் சமுதாயம் எளிதில் ஏற்றுக்கொண்டதில்லை. இந்நாடகமோ பெண்கள் மட்டுமே தோன்றுவது. அன்றியும், அது கூறும் வாழ்க்கை நமக்குப் புதிதன்று. நாற்சார் வீட்டின் உள்முற்றம், உயர்ந்த கிடுகு வேலி, அயலார் வாய்க்கு அஞ்சும் தாய், சீதனத்தால் நிச்சயிக்கப்படும் மணம், மூத்தவளுக்கு முன் இளையவளுக்கு மணமில்லை என்னும் வழக்கு ஆகியவற்றை விளக்க அடிக்குறிப்பு வேண்டியதில்லை. அத்தகைய வீடுகளிலிருந்து வந்தோர், தம் மகளை ஒத்த ஒருத்தி பெர்னார்டாவின் கைத்தடியைப் பறித்து முறிப்பதை ஆறடி தொலைவிலிருந்து காண்கின்றனர். அவர்கள் முகத்திலே சினம் தோன்றலாம், நாணமும் தோன்றலாம். நடிப்பவள் அதனைக் கண்டும் தளராது நின்றாக வேண்டும். நாடகம் முடிந்தபின் அவள் வீடு திரும்புவதும் அதே ஊரினூடாகவே.

லோர்கா இரு வகை அரங்கினையும் நன்கறிந்தவர். 1932 முதல் ‘லா பராக்கா’ என்னும் பல்கலைக்கழக மாணவர் நாடகக் குழுவை வழிநடத்தி, லோப்பே டி வேகா, கல்தெரோன் ஆகிய 17ஆம் நூற்றாண்டுப் பேராசிரியர்களின் நாடகங்களை ஸ்பானியச் சிற்றூர்ச் சதுக்கங்களிற் காட்டினார். அம்மாணவர் ஊதியம் பெறவில்லை. மேடையை அவர்களே அமைத்தனர். வெளியரங்கிற் பழைய நாடகங்களை ஊருக்கு அளித்த அவரே, மூடிய சுவர்களுக்குள் நிகழும் நாடகத்தையும் எழுதினார் என்பது சிந்திக்கற்பாலது.

நம் கல்லூரிகளிற் பெருமண்டபமும் ஒலிபெருக்கியும் இல்லையே என வருந்துவோர் உளர். 14 அடி அகலமுள்ள இடமும், அதனைச் சூழ்ந்து அமர நாற்பது ஐம்பது பேரும் போதும். கூத்து அளித்த குரல்வளத்தைக் கைவிடாது, சிற்றரங்கு வேண்டும் உண்மையினையும் மாணவர் பயில்வாராயின், மாதவி ஆடிய அரங்கின் அளவு ஏன் அவ்வாறு வகுக்கப்பட்டது என்பதும் அவர்க்கு விளங்கும்.